ஊசி காட்டும் வடக்கும் உண்மை வடக்கும்

வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை எனக் காற்று பிறக்கும் திசையைக் கொண்டே அதற்குப் பெயரிட்டனர் தமிழர். பெயர் பிழையாதிருக்க வேண்டுமாயின் திசை பிழையாதிருத்தல் வேண்டும். வீட்டுக் கூரையின் மீது நிறுத்தப்படும் காற்றுத்திசைகாட்டிக்கும் இது பொருந்தும். அதன் அம்பு காற்று வரும் பக்கம் நோக்கித் தானே திரும்பிக்கொள்ளும். கீழே அசையாது நிற்கும் நான்கு கைகளையோ மனிதன்தான் திசை பார்த்துப் பொருத்த வேண்டும். வடக்குக்குரிய கை தவறிப் பொருத்தப்பட்டால், அம்பு எவ்வளவு செம்மையாகச் சுழன்றாலும் அது தரும் செய்தி பொய்யாகவே முடியும். ஆகவே, வடக்கு எது என்னும் வினாவே முதலில் எழுகின்றது. எளிதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு விடை காண மனித இனம் நெடுந்தொலைவு நடந்துள்ளது.

ஏதென்சு நகரில் இன்றும் நிற்கும் காற்றுக் கோபுரம் இவ்வரலாற்றின் தொன்மையான சான்றுகளுள் ஒன்று. ஆண்ட்ரோனிகசு என்பவர் எழுப்பிய அக்கோபுரம் எட்டுப் பக்கங்களை உடையது. ஒவ்வொரு பக்கத்திலும் அத்திசைக்குரிய காற்றின் உருவம் செதுக்கப்பட்டுள்ளது. உச்சியில் வெண்கலத்தாலான டிரைட்டன் உருவம் ஒன்று சுழன்று, கையிலுள்ள கோலால் வீசும் காற்றைச் சுட்டி நின்றது என்று கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியசு எழுதியுள்ளார். அந்நூலின் அதே பகுதியில் திசை காணும் முறையையும் அவர் விளக்குகின்றார்.

அம்முறை யாதெனின், சமதரையில் ஒரு கோலை நேராக நட வேண்டும். முற்பகலில் அதன் நிழல் நுனியைக் குறித்து, கோலின் அடியை மையமாகக் கொண்டு அக்குறி வழியே ஒரு வட்டம் வரைய வேண்டும். பிற்பகலில் நிழல் நுனி மீண்டும் அவ்வட்டத்தைத் தொடும் இடத்தையும் குறிக்க வேண்டும். இரு குறிகளையும் இணைக்கும் கோடு கிழக்கு மேற்காக அமையும். அதற்குச் செங்குத்தான கோடே உண்மை வடக்குத் தெற்குக் கோடாகும். சங்க இலக்கியமாகிய நெடுநல்வாடையிலும், அரண்மனைக்கு மனை வகுப்போர் நண்பகலில் கோல்களின் நிழலைக் கொண்டு திசையறிந்து கயிறு பிடித்த செய்தி வருகின்றது. ஞாயிற்றை நம்பிய அக்காலத்தில் வடக்கு ஒன்றே ஒன்றாக இருந்தது.

காந்த ஊசி வந்த பின்னர் வடக்கு இரண்டாயிற்று. ஊசி சரியாகத் தெற்கைக் காட்டாமல் சற்றே கிழக்கு நோக்கி ஒதுங்குகின்றது என்று சீன அறிஞர் ஷென் குவா ஏறத்தாழ 1088ஆம் ஆண்டிலேயே எழுதினார். 1492ஆம் ஆண்டு செப்டம்பரில் அட்லாண்டிக் கடலின் நடுவே கொலம்பசின் கப்பலோட்டிகள், ஊசி வடமீனை விட்டு மேற்கே விலகுவதைக் கண்டு அஞ்சினர். ஊசி பொய்க்கவில்லை, விண்மீனே நகர்கின்றது என்று சொல்லிக் கொலம்பசு அவர்களின் அச்சத்தைத் தணித்தார். இரண்டில் எது பிழை என்று துணியும் அறிவு அன்று அக்கப்பலோட்டிகளுக்கு வாய்க்கவில்லை.

காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இடைப்பட்ட கோணத்தைக் காந்த விலக்கம் என்பர். ஓரிடத்தில் அவ்விலக்கம் என்றும் மாறாது என 1600ஆம் ஆண்டில் உறுதியாக உரைத்தார், காந்தவியலின் தந்தை எனப் போற்றப்படும் வில்லியம் கில்பர்ட். ஆனால் இலண்டன் பகுதியில் 1580ஆம் ஆண்டில் வில்லியம் பரோ அளந்தபோது கிழக்கே சுமார் 11 பாகையாக இருந்த விலக்கம், 1622இல் எட்மண்ட் கன்டர் அளந்தபோது சுமார் 6 பாகையாகக் குறைந்திருந்தது. ஹென்றி ஜெலிபிராண்ட் 1634இல் அளந்தபோது அது 4 பாகையளவே இருந்தது. மூன்று அளவுகளும் மெய்யாயின் மாறியது ஊசியின் போக்கே என்று துணிந்த ஜெலிபிராண்ட், அம்முடிவை 1635இல் வெளியிட்டார். பெரியார் ஒருவரின் கூற்றை அளவை ஒன்றே வென்ற நிகழ்ச்சி அது.

அதன்பின் எட்மண்ட் ஹாலி 1698 முதல் 1700 வரை ‘பாரமோர்’ என்னும் கப்பலில் அட்லாண்டிக் கடலைச் சுற்றி அளந்து, ஒத்த விலக்கமுள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்த படத்தை 1701இல் வெளியிட்டார். ஜேம்சு கிளார்க் ராசு 1831ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளன்று வட கனடாவின் பூத்தியா தீபகற்பத்தில் காந்த வடமுனையைக் கண்டார். அம்முனையும் அங்கே நிலைத்திருக்கவில்லை. ஆர்க்டிக் கடலைக் கடந்து சைபீரியாவை நோக்கி நகர்ந்துள்ளது.

இம்மாற்றம் காற்றுத்திசைகாட்டியை எவ்வாறு தாக்கும்? இலண்டனில் 1820ஆம் ஆண்டையொட்டி விலக்கம் மேற்கே ஏறத்தாழ 24 பாகையாக இருந்தது. அன்று ஊசியை மட்டும் நம்பித் திசைகாட்டி நிறுத்திய ஒருவரின் கூரையில், நேர் வடக்கிலிருந்து வந்த வாடை வடகிழக்குக் காற்றாகவே தோன்றியிருக்கும். எண்திசைகளுள் அடுத்தடுத்த இரண்டின் இடைவெளி 45 பாகை. பிழையோ அதில் பாதியைக் கடந்துவிட்டதன்றோ! அதே இலண்டன் மாநகரின் கிரீனிச்சில், 2019ஆம் ஆண்டில் ஊசி உண்மை வடக்கோடு ஒன்றி நின்றது.

மலேசியத் தீபகற்பத்திலும் சிங்கப்பூரிலும் இன்று காந்த விலக்கம் ஒரு பாகைக்கும் குறைவே. எனவே இங்கு வீட்டுத் திசைகாட்டியைப் பொருத்த ஊசியே போதும். இரும்புக் கூரையும் மின்கம்பியும் அருகில் இல்லாமல் பார்த்துக்கொண்டால் சரி. வடமீனோ நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரில் அடிவானத்தை ஒட்டியே கிடப்பதால் எளிதில் புலப்படாது. நண்பகல் ஞாயிறும் ஆண்டில் சில திங்கள் வடபாலும் சில திங்கள் தென்பாலும் நிற்கும். ஆயினும் விட்ருவியசு கூறிய இரு நிழற்குறி முறை இங்கும் பிழைபடாது. கிழக்கு நோக்கி நிற்பவரின் இடக்கைப் பக்கமே வடக்கு. பள்ளித் திடலில் ஒரு கோலும் ஒரு கயிறும் கொண்டு மாணவர் இதனைச் செய்து பார்த்து, பின்னர் ஊசியோடு ஒப்பிடலாம்.

இரண்டும் ஒத்துவரும்போது, அவ்வொற்றுமை இக்காலத்துக்கும் இவ்விடத்துக்கும் மட்டுமே உரியது என்பதையும் ஆசிரியர் எடுத்துரைத்தல் வேண்டும். கருவி சொல்வதைக் கேட்பது தொடக்கம். அதை ஞாயிற்றின் நிழலோடு ஒத்துப் பார்ப்பதே கல்வி.