அந்தமான் காய்ச்சலும் இரு மருந்துகளும்

போர்ட் பிளேயரின் லம்பா லைனிலிருந்து சிறிது தொலைவில், டாலிகஞ்சில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வட்டார மையம் 1983இல் தொடங்கப்பெற்றது. ஐந்தே ஆண்டுகளில் அதன்முன் ஒரு புதிர் வந்து நின்றது. 1988 முதல் வட அந்தமானின் திக்லிபூரில், மழைக்காலம் ஓயும் தறுவாயில், கடுங்காய்ச்சல் பரவியது. சிலர் நுரையீரலில் இரத்தம் கசிந்து மாண்டனர். காரணம் விளங்காமையால் ‘அந்தமான் இரத்தக்கசிவுக் காய்ச்சல்’ என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று. 1993ஆம் ஆண்டுப் பரவலின்போதுதான் அது லெப்டோஸ்பைரா கிருமியால் வரும் எலிக்காய்ச்சல் எனத் தெளிந்தது.

இத்தனைக்கும், இதே நோயை அந்தமானின் தண்டனைக் குடியேற்றத்தில் ஆராய்ந்து டெய்லரும் கோயலும் 1931இலேயே அறிக்கை வெளியிட்டிருந்தனர். அறுபதாண்டு மறதிக்கு விலை கொடுத்தவர்கள் அதை ஒருபோதும் படித்திராத உழவர்கள்.

கிருமி முதல் வாரத்தில் குருதியில் உலவும். பானாமாவில் பயிற்சி பெற்ற அமெரிக்கப் படைவீரர்களுக்கு வாரந்தோறும் 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் கொடுத்தபோது நோய் பெரும்பாலும் தடுக்கப்பட்டதென 1984இல் அறியப்பட்டது. ஆனால் சில வாரம் காட்டில் தங்கும் வீரர் வேறு, ஆண்டுதோறும் சேற்றில் நிற்கும் உழவர் வேறு. ஆகவே டாலிகஞ்ச் ஆய்வாளர்கள் வட அந்தமானில் 782 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு மருந்தும் மற்றவர்க்கு வெற்று மாத்திரையும் 12 வாரம் அளித்தனர். 2000இல் வெளியான முடிவு சற்றே வியப்பானது. கிருமித்தொற்று இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒரே அளவு. நோயாய் வெளிப்பட்டது மருந்துண்டோரில் 3.11 விழுக்காடு, மற்றோரில் 6.82.

அந்தமானில் உண்ணிக்காய்ச்சலும் உண்டு. நோயாளியின் படுக்கையருகே நிற்கும் மருத்துவருக்கு இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. இரண்டுக்கும் டாக்சிசைக்ளின் கேட்கும். உண்ணிக்காய்ச்சல் முற்றியபின் அந்த ஒரு மருந்து போதுமா என்பதே அடுத்த வினா. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஜார்ஜ் வர்கீஸ் தலைமையில், இந்தியாவின் ஏழு மையங்களில் 794 பேரிடம் அது சோதிக்கப்பட்டது. டாக்சிசைக்ளின் கிருமியின் ரைபோசோமில் சிறுகூற்றைப் பற்றும், அசித்ரோமைசின் பெருங்கூற்றைப் பற்றும். இரண்டும் சேர்ந்தால் புரத உற்பத்தி முழுமையாக முடங்கலாம் என்பது கருத்து.

2023இல் முடிவு வந்தது. இறப்பு, ஏழாம் நாளும் நீடிக்கும் உறுப்புச் சிக்கல், ஐந்தாம் நாளும் விடாத காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்றேனும் நேர்ந்தோர் இணைமருந்து பெற்றவர்களில் 33 விழுக்காடு. தனி மருந்து பெற்றவர்களில் 47, 48. ஆயினும் 28 நாளுக்குள் இறந்தோரை மட்டும் எண்ணியபோது மூன்று பிரிவுக்கும் இடையே தெளிவான வேறுபாடு காணப்படவில்லை.