சொல்லப்படாத பெயர்



வைத்திய சரித்திரத்தைப் புரட்டினால் மருந்து கண்டவரின் பெயர் இருக்கும். வைத்தியசாலை கட்டியவரின் பெயர் இருக்கும். நோயுற்றுக் கிடந்தவர் என்ன நினைத்தார் என்பது மட்டும் பெரும்பாலும் இராது. அதிலும், பதினைந்து பதினாறு வயதிற் புற்றுநோய்க்கு ஆளானோரின் உள்ளத்தைப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சொற்பம். குழந்தையென்று மடியில் வைத்துத் தேற்றவும் இயலாத, பெரியவரென்று அருகிருத்திப் பேசவும் நாம் துணியாத பருவம் அது.

யாழ்ப்பாணத்திலே இந்நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்வது அரிது. "கூடாத வருத்தம்" என்போம். பிள்ளையின் காதில் அதுவும் விழாதபடி படலைக்கு வெளியே நின்று பேசுவோம். இவ்வழக்கம் நமக்கு மாத்திரம் உரியதன்று. 1961ஆம் ஆண்டிலே சிக்காகோ நகர வைத்தியர்களை விசாரித்தபோது, பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேர் நோயாளிக்குப் பெயரைச் சொல்லாதிருப்பதையே விரும்புவதாக விடை கூறினர்.

அக்காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. 1948இல் பொஸ்ரன் நகர வைத்தியர் சிட்னி ஃபாபர், இரத்தப் புற்றுநோய் கண்ட 16 பிள்ளைகளுக்கு அமினோப்ரெறின் என்னும் மருந்தைக் கொடுத்ததில் 10 பேருக்கு நோய் தணிந்தது என்று அறிவித்தார். அம்மருந்தை ஆக்கிய ஆய்வுகூடத்தை நடத்திய சுப்பராவ், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்றவர் என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஆனால் தணிந்த நோய் சில மாதங்களில் மீண்டும் தலைகாட்டியது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், 1954இல் சென்னை அடையாற்றிற் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கியபோதும் குணமாகுமென்று நம்பியோர் சிலரே. இன்றோ, வசதி மிக்க நாடுகளிலே பிள்ளைகளுக்கு மிகுதியாக வரும் இரத்தப் புற்றுநோயில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கின்றனர். பழைய நியாயம் போய்விட்டது. ஒளிக்கும் பழக்கம் மாத்திரம் நம்முடன் தங்கிவிட்டது.

ஒளிப்பதாற் பயனுண்டா? மைரா புளூபொண்ட் லாங்னர் என்னும் அமெரிக்க மானிடவியலாளர் 1978இல் வெளியிட்ட நூலிலே, எவரும் சொல்லாமலே சிறு பிள்ளைகள்கூடத் தம் நோயை அறிந்திருந்தனர் என்றும், பெற்றோருக்காக அறியாதவர்போல் நடந்துகொண்டனர் என்றும் காட்டினார். சிறுவருக்கே இப்படியென்றால், பத்திரிகை படிக்கும் வயதினருக்குச் சொல்ல வேண்டுமா?

குடாநாட்டுப் பிள்ளைகளுக்கு இத்துடன் தூரமும் சேர்ந்தது. மகரகமவுக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். யுத்த காலத்திலே பாதையும் பல ஆண்டுகள் மூடியிருந்தது. 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்கள் மக்கள் நடந்து நிதி திரட்டினர். அந்நிதியால் 2013இல் தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. அதற்கு முந்திய பயணம் எத்தகையது என்பதை என் மாணவன் ஒருவன் மூலம் அறிந்தேன்.

தொண்ணூறுகளின் இறுதி. நான் இளம் ஆசிரியன். உயர்தர வகுப்பிலிருந்த அவனைக் கப்பலில் திருகோணமலைக்கும் அங்கிருந்து கொழும்புக்கும் கொண்டு சென்றனர். "இரத்தம் குறைவு" என்பதே அவனுக்குச் சொல்லப்பட்டது. மாதங்கள் கழிந்து, தலைமயிர் உதிர்ந்து, தொப்பியுடன் வகுப்புக்கு வந்தான். ஒருநாள் எல்லோரும் போனபின் என் மேசையருகே வந்து நின்றான்.

"சேர், எனக்கு என்ன வருத்தமெண்டு தெரியும். வாட்டில பக்கத்துக் கட்டில் ஐயா சொன்னவர். எனக்குத் தெரியுமெண்டு அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

தாய் மகனுக்காக ஒளித்தாள். மகன் தாய்க்காக ஒளித்தான். ஒரே வீட்டில் இருவரும் தனித்தனியே அழுதிருக்கிறார்கள். தலைமயிர் போனதைப் பற்றி அவன் அதிகம் கவலைப்படவில்லை. தான் வந்ததும் நண்பர்கள் பேச்சை நிறுத்துவதும், பரீட்சைக்குப் பின் எங்கே போவதென்ற கதையில் தன்னைச் சேர்க்காததுமே அவனை வருத்தின. கோபமும் இருந்தது, யார்மேல் என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

"நீங்களும் இப்ப எனக்குப் பிழை போடுறேல்லை, சேர்" என்றான்.

உண்மைதான். அவன் கட்டுரைகளைப் படிக்காமலே சரியிட்டுக் கொடுத்துவந்தேன். இரக்கமென்று நான் எண்ணியது, தன்னைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டதாக அவனுக்குத் தோன்றியிருக்கிறது.

அன்றிரவு விளக்கை ஏற்றி அவனுடைய கொப்பியைத் திறந்தேன். ஒல்லாந்தர் ஆட்சி பற்றிய கட்டுரை. ஆறு பிழைகள் இருந்தன. ஆறையும் சிவப்பு மையாற் சுழித்து, திரும்ப எழுதிவரும்படி குறித்தேன். இரண்டு நாளில் எழுதிக்கொண்டு வந்தான்.