பர்மிய தேசிய மாநாடும் ஐ.நா. அறிக்கையாளர் யோகோதாவும்

பர்மாவில் 1990 தேர்தல் முடிவைச் செயல்படுத்தாமல் இராணுவம் இருபது ஆண்டுகள் காலம் கடத்தியது. அதற்கு முதன்மைக் கருவியாக அமைந்தது அரசியலமைப்பை வகுக்கக் கூட்டப்பட்ட தேசிய மாநாடு. அதன் தொடக்க ஆண்டுகளை ஐக்கிய நாடுகள் அவையின் சார்பில் உற்றுநோக்கியவர் ஜப்பானிய சர்வதேசச் சட்டப் பேராசிரியர் யோசோ யோகோதா.

பின்னணி

1988 மக்கள் எழுச்சியை அடக்கிய இராணுவம் செப்டம்பர் 18 அன்று ஜெனரல் சா மாங் தலைமையில் ஆட்சியைக் கைப்பற்றியது. தேர்தல் நடத்தி ஆட்சியை ஒப்படைப்பதாகவும் அறிவித்தது. 1990 மே 27 அன்று தேர்தல் நடந்தது. ஆங் சான் சூச்சி வீட்டுக் காவலில் இருந்தபோதும், போட்டி நடந்த 485 இடங்களில் 392-ஐ அவரது தேசிய ஜனநாயக லீக் வென்றது. இராணுவ ஆதரவு பெற்ற தேசிய ஒற்றுமைக் கட்சிக்குப் பத்து இடங்களே கிடைத்தன.

இரண்டு மாதங்கள் கழித்து, ஜூலை 27 அன்று, இராணுவ அரசு 1/90 என்ற அறிவிப்பை வெளியிட்டது. வென்றவர்களின் பணி அரசியலமைப்பை வரைவது மட்டுமே, அதுவரை ஆட்சி இராணுவத்திடமே இருக்கும் என்றது அது. தேர்தல் முடிவை இராணுவம் வெளிப்படையாக ரத்து செய்யவில்லை. முதலில் அரசியலமைப்பு, பிறகே ஆட்சி மாற்றம் என்று வரிசையை மாற்றியது.

யோகோதா கண்டது

1992-இல் ஐ.நா. மனித உரிமை ஆணையம் யோகோதாவை மியான்மாருக்கான சிறப்பு அறிக்கையாளராக நியமித்தது. 1993 ஜனவரி 9 அன்று தேசிய மாநாடு கூடியது. விவசாயிகள், தொழிலாளர்கள், அரசு ஊழியர்கள், தேசிய இனங்கள் என்று பிரதிநிதிகள் எட்டு வகையாகப் பிரிக்கப்பட்டிருந்தனர். பார்வைக்கு அது எல்லாத் தரப்பும் கூடிய அவை. ஆனால் ஏறத்தாழ 700 பேரில் தேர்தலில் வென்றவர்கள் நூறு பேர் அளவிலேயே இருந்தனர். மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் இராணுவ அரசு தேர்ந்தெடுத்தவர்கள். தேசிய அரசியலில் இராணுவத்துக்குத் தலைமைப் பங்கு என்பது மாநாட்டின் நோக்கங்களில் ஒன்றாக முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தது. முடிக்கக் காலக்கெடு எதுவும் இல்லை. இந்த அமைப்பையும், பிரதிநிதிகள் சுதந்திரமாகப் பேச முடியாத நிலையையும் யோகோதாவின் அறிக்கைகள் பதிவு செய்தன.

நாட்டுக்குள் அவரால் பார்க்க முடிந்ததற்கும் எல்லை இருந்தது. வீட்டுக் காவல் நீடித்தவரை சூச்சியைச் சந்திக்க அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை.

சாட்சியத்தின் விலை

வெளியிலிருந்து வந்தவரிடம் உண்மையைச் சொல்வதும் குற்றமானது. இன்செயின் சிறையிலிருந்த பத்திரிகையாளரும் லீக் தலைவர்களுள் ஒருவருமான வின் டின்னும் உடனிருந்த கைதிகளும் சிறையின் நிலையை எழுதி யோகோதாவுக்கு அனுப்ப முயன்றனர். அதற்காக 1996-இல் வின் டின்னுக்குக் கூடுதலாக ஏழு ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டது. 1989-இல் கைதான அவர் 2008-இல்தான் விடுதலையானார்.

யோகோதா 1996-இல் பதவி விலகினார். அடுத்து வந்த மொரீசியஸ் நீதிபதி ராஜ்சூமர் லல்லாவை இராணுவ அரசு நாட்டுக்குள்ளேயே அனுமதிக்கவில்லை.

விளைவு

1995 நவம்பரில் லீக் மாநாட்டிலிருந்து வெளியேறியது. 1996-இல் நிறுத்தப்பட்ட மாநாடு 2004-இல் மீண்டும் கூடி 2007 செப்டம்பரில் முடிந்தது. நர்கிஸ் புயல் பேரழிவு ஏற்படுத்திய 2008 மே மாதத்திலேயே பொது வாக்கெடுப்பும் நடத்தப்பட்டது. அதில் ஏற்கப்பட்டதாக அறிவிக்கப்பட்ட அரசியலமைப்பு நாடாளுமன்ற இடங்களில் கால்பங்கை இராணுவத்துக்கு ஒதுக்கியது. அடுத்த பொதுத் தேர்தல் 2010 நவம்பரில் நடந்தது. லீக் அதைப் புறக்கணித்தது. 1990-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்றம் ஒருநாளும் கூட்டப்படவில்லை.

2021 பிப்ரவரியில் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம் ஓராண்டுக்கு நெருக்கடி நிலையை அறிவித்து, பின்னர் அதை ஆறாறு மாதங்களாக 2025 வரை நீட்டித்தது. ஜனநாயகத்தை மறுக்காமலே தள்ளிப்போடும் முறை 1990-களிலேயே உருவாகிவிட்டது. மாநாட்டில் யார் யார் அமர்ந்திருந்தனர் என்ற எளிய கணக்கின் மூலம் யோகோதாவின் அறிக்கைகள் அதை அன்றே காட்டின.