மக்கள் வாக்கும் மன்றத்தின் தடையும்

ஐரோப்பிய ஒன்றியத்தினின்று விலகலாமா என்று 2016 ஜூன் 23 அன்று பிரிட்டிஷ் மக்களிடம் கேட்கப்பட்டது. நூற்றுக்கு 51.9 பங்கினர் 'விலகுக' என்றனர். எவ்வாறு விலகுவது என்பதை வாக்குச்சீட்டு கேட்கவில்லை. பூசல் அங்கேதான் பிறந்தது.

2019 செப்டம்பரில், உடன்படிக்கையின்றித் திடீரென விலகுவதைத் தடுக்கும் மசோதாவைக் காமன்ஸ் சபை 327 வாக்குகளால் நிறைவேற்றியது, எதிர்த்தோர் 299. அதற்கு வழிதிறந்து வாக்களித்த ஆளுங்கட்சியினர் 21 பேர் கட்சியின் நாடாளுமன்றக் குழுவினின்று நீக்கப்பட்டனர்.

மக்கள் தீர்ப்பை மறித்தனர் என்றனர் ஒரு சாரார். மருந்தும் உணவும் துறைமுகத்தில் தேங்காமல் காத்தனர் என்றனர் மறுசாரார். மக்கள் திசை காட்டினால், வழியை ஆராய்வது சபையின் கடமை என்றே நான் கருதுகிறேன். ஆயினும் அச்சபைக்கும் நீதிபதிகள் மக்களே. டிசம்பர் 12 தேர்தலில், உடன்படிக்கையுடன் விலகுவோம் என்ற கட்சிக்கே அவர்கள் பெரும்பான்மை அளித்தனர். 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் அவ்வாறே விலகியது.