கர்ணனின் பவர் லெவல் அரைதானா?

இந்த முறை ஒரு வரலாற்றுக் கட்டுரை. வரலாறு என்றதும் ஓடிவிட வேண்டாம், கோகுவும் வருகிறார் :)

கோகு பெரியவரா, சைத்தாமா பெரியவரா? நேரத்தையே நிறுத்துகிற டியோவை யார் அடிக்க முடியும்? அனிமே பார்ப்பவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் இந்தப் பேச்சு வந்துவிடும். "ஜப்பான்காரன் பொம்மைப் படத்துக்கு இவ்வளவு சண்டையா?" என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் இருந்துகொண்டு அப்படிக் கேட்பது நியாயமே இல்லை. வீரர்களுக்கு வரிசை போட்டுப் பலம் அளக்கிற ஒரு கதையை இந்தப் பக்கத்து ஊர்கள் நூற்றுக்கணக்கான வருஷமாக விடிய விடியக் கேட்டு வந்திருக்கின்றன. அதுதான் பாரதம்.

முதலில் கொஞ்சம் பழைய கணக்கு. காஞ்சிபுரம் அருகே உள்ள கூரத்தில் கிடைத்த செப்பேடு, பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது, அதாவது 7ஆம் நூற்றாண்டு. மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று அதில் ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறார்கள். 9ஆம் நூற்றாண்டில், தெள்ளாற்றில் வென்ற மூன்றாம் நந்திவர்மன் காலத்தில், பெருந்தேவனார் பாரத வெண்பா பாடினார். அந்த நந்திவர்மனின் மகன் நிருபதுங்கவர்மன்தான் நம்ம பாகூரில் இருந்த வித்தியாஸ்தானத்துக்கு, அதாவது கல்லூரிக்கு, மூன்று ஊர்களைத் தானமாகக் கொடுத்தவன். பாகூர்ச் செப்பேடு அதைச் சொல்கிறது. அப்பா காலத்தில் தமிழில் பாரதம், மகன் காலத்தில் பாகூரில் கல்லூரி! அதற்கும் பல நூற்றாண்டு கழித்து வில்லிபுத்தூரார் பாரதம் வந்தது. திரௌபதியம்மன் கோயில் திருவிழாக்களில் பகலில் பிரசங்கியார் சொல்வதும் இரவில் தெருக்கூத்தில் ஆடுவதும் பெரும்பாலும் இந்த வழியில் வந்த கதைதான். படுகளம், தீமிதியோடு திருவிழா முடியும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். போர் தொடங்கும் முன் துரியோதனன் பீஷ்மரிடம் ஒரு பட்டியல் கேட்கிறான். நம் படையில் யார் யார் என்ன தரம்? பீஷ்மர் ஒவ்வொருவராகச் சொல்லி வருகிறார். இவர் அதிரதர், இவர் மகாரதர், இவர் சமரதர்... கர்ணன் முறை வந்ததும் 'அர்த்தரதன்' என்று சொல்லிவிட்டார். பாதி வீரன்! கவச குண்டலம் போய்விட்டது, பரசுராமர் சாபம் வேறு இருக்கிறது என்பது அவர் கணக்கு. துரோணரும் ஆமாம் போட்டார். கர்ணனுக்கு வந்த கோபத்தில், பீஷ்மர் களத்தில் இருக்கும்வரை நான் வில்லைத் தொட மாட்டேன் என்று ஒதுங்கிவிட்டான். 18 நாள் போரில் முதல் 10 நாள் கௌரவர் பக்கம் கர்ணன் இல்லை. ஒரு 'பவர் லெவல்' சொன்னதற்குக் கிடைத்த விலை இது.

இப்போது ஜப்பானுக்குப் போவோம். அகிரா தொரியாமா (இவர் 2024 மார்ச் 1 அன்று காலமானார்) 1984 முதல் 1995 வரை வரைந்த டிராகன் பால் கதையில் ராடிட்ஸ் பூமிக்கு வந்து இறங்குகிறான். கண்ணில் ஸ்கௌட்டர் என்ற கருவி. எதிரே துப்பாக்கியோடு ஒரு விவசாயி. கருவி காட்டிய அளவு வெறும் 5. நெல் விளைகிற பாகூர்க்காரர்கள் இதைக் கேட்டால் சும்மா விடுவார்களா? அப்புறம் வெஜிட்டா, கோகுவின் பலத்தை அளந்து அதிர்ந்துபோகிற இடம் உலகம் முழுக்கப் பிரபலம். அதில் ஆங்கிலத்தில் 9000 என்று சொல்வார்கள், ஜப்பானிய மூலத்தில் 8000தான். உலகமே மேற்கோள் காட்டுகிற எண்ணே மொழிமாற்றத்தில் மாறிப்போன எண்!

இங்கேதான் எனக்கு ஒரு ஒற்றுமை தெரிகிறது. கோகு அவன் இனத்தில் கீழ்நிலை வீரன் என்று முத்திரை குத்தப்பட்டவன். குழந்தையிலேயே விண்கலத்தில் வைத்து அனுப்பப்பட்டு, வேறு உலகத்தில் ஒரு கிழவரிடம் வளர்ந்தவன். கர்ணன் பேழையில் வைத்து ஆற்றில் விடப்பட்டு, தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன். அரங்கேற்றத்தில் அர்ச்சுனனோடு மோத அவன் வந்து நின்றபோது கிருபர் கேட்டது பலத்தை இல்லை, குலத்தை. பீமனும் தேரோட்டி மகன் என்றுதான் கேலி செய்தான். யாரை அளக்கலாம், யாரை அளக்கவே கூடாது என்பதை முன்பே முடிவு செய்துவிட்டார்கள். ஊரில் சாதி பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் காட்சி ரொம்ப நன்றாகவே புரியும்.

நேர விளையாட்டுக்கும் நம்மிடம் பஞ்சம் இல்லை. 14ஆம் நாள், அஸ்தமனத்துக்குள் ஜயத்ரதனைக் கொல்ல வேண்டும், இல்லையென்றால் அர்ச்சுனன் தீயில் விழ வேண்டும். கண்ணன் சக்கரத்தால் சூரியனை மறைத்தான். ஜயத்ரதன் ஏமாந்து வெளியே வந்தான். அனிமே விவாதக்காரர்கள் பாஷையில் சொன்னால், கண்ணன் நேரத்தை மாற்றவில்லை, வெளிச்சத்தை மறைத்தான், அவ்வளவுதான். நளாயினி கதை வேறு ரகம். கணவன் சாகாமல் இருக்கப் பொழுதே விடியக் கூடாது என்று சூரியனை நிறுத்தினாள். ஜோஜோ தொடரின் டியோ முதலில் 5 விநாடி, பிறகு 9 விநாடி என்று நிறுத்துவதை இதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ரேவதியின் அப்பா ககுத்மி இன்னொரு ரகம். பிரம்மலோகத்தில் பாட்டு முடியக் கொஞ்ச நேரம் காத்திருந்தார், அதற்குள் பூமியில் 27 சதுர்யுகம் ஓடிவிட்டது!

கடைசியில் கர்ணன் கணக்கு என்ன ஆயிற்று? 17ஆம் நாள் அம்பு பட்டு விழுந்தும் அவன் உயிர் போகவில்லை, செய்த தர்மம் காக்கிறது. கண்ணனே அந்தணர் வேஷத்தில் வந்து அந்தப் புண்ணியத்தையும் தானமாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. பீஷ்மரின் பட்டியலில் இந்தப் பலத்துக்குக் கட்டமே இல்லை. கூத்தில் 'கர்ண மோட்சம்' அன்று ஜனம் கலையாமல் உட்கார்ந்திருப்பதும், பி. ஆர். பந்துலுவின் 'கர்ணன்' (1964) படத்தை 2012இல் மறுபடி வெளியிட்டபோது கூட்டம் வந்ததும் இதனால்தான். ஜெயித்தவன் அர்ச்சுனன், அழுதது கர்ணனுக்காக. தொரியாமாவும் ஃப்ரீசா கதைக்குப் பிறகு அந்த எண்களை ஏறக்குறைய விட்டுவிட்டார். எண்ணை நம்பிய வில்லன்கள் எல்லாரும் அந்த எண்ணாலேயே ஏமாந்தார்கள்.

அதனால் தாராளமாக விவாதம் பண்ணுங்கள் நண்பர்களே. யாராவது ஒருவனுக்கு "இவன் அரைதான்" என்று மார்க் போட்டால் மட்டும், அளவுகோல் யார் கையில் இருக்கிறது என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.