சிலைகளின் மொழியும் நம் முன்னோரின் ஆய்வு நெறியும்

பண்டை எகிப்தியர் தம் தெய்வங்களைக் கண்டவுடன் இனங்காணத்தக்க அடையாளங்களோடு வடித்தனர். வல்லூற்றின் தலையுடையது ஹோரஸ்; குள்ளநரித் தலையுடையது அனுபிஸ்; பூனை வடிவினள் பாஸ்டெட்; தலைமீது அரியணைச் சின்னம் தாங்கி மகவுக்குப் பாலூட்டுபவள் ஐசிஸ். 2022ஆம் ஆண்டு சக்காராவில் 150 வெண்கலச் சிலைகள் கண்டெடுக்கப்பட்டன. இத்தகையவற்றை ஆய்வாளர் இனம்பிரிப்பது பெரிதும் இவ்வடையாளங்களைக் கொண்டேயாகும்.

இத்தகைய உருவமொழி நம் அண்மையிலும் உண்டு. அக்கினித் தலமெனப் போற்றப்படும் திருவண்ணாமலையோடு பிணைந்தது அடிமுடி தேடிய புராணம். சிவாலயங்களின் கருவறைப் பின்சுவரில் இலிங்கோத்பவர் வடிவமாக அதனைக் காணலாம். நெருப்புத் தூணின் நடுவே சிவன். முடி தேடி மேலே பறக்கும் அன்னம் பிரமன். அடி தேடிக் கீழே அகழும் பன்றி திருமால். கதையறியாதார் கண்ணுக்கு அங்கே ஒரு பறவையும் ஒரு விலங்குமே தென்படும்.

ஏகத்துவத்தை உயிரெனக் கொண்ட நாம் இவற்றைக் கற்பது தகுமா என்று மாணவர் வினவுவதுண்டு. சிலை வணக்கத்தை மறுப்பது ஈமானின் அடிப்படை. அதில் இருவேறு கருத்தில்லை. ஆயினும் ஒன்றை மறுப்பவர் அதனை அறியாதிருக்க வேண்டுமென்பதில்லை.

அறிஞர் அல்பீரூனி கி.பி. 1030ஆம் ஆண்டளவில் இந்தியாவைப் பற்றி எழுதிய நூலில், சிலைகளுக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். வராகமிகிரரின் பிருகத்சம்ஹிதையைச் சான்றுகாட்டி, எத்தெய்வத்திற்கு எத்தனை கரங்கள், எக்கரத்தில் எப்பொருள், எத்துணை அளவு என்பனவற்றைத் திரிபின்றிப் பதிவு செய்தார். பாமரர் உருவங்களை நாடுவதையும் கற்றோர் உருவமற்ற இறைவனை எண்ணுவதையும் வேறுபடுத்திக் காட்டினார்.

அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி (1162–1231) எகிப்திய மனிதமுகச் சிங்கச் சிலையின் உறுப்பளவுப் பொருத்தத்தை வியந்தார். புதையல் வேட்கையால் தொல்சின்னங்களைச் சிதைத்தோரைக் கண்டித்தார். அச்சின்னங்கள் கடந்தகாலத்தின் வரலாறாகவும், இறைவேதங்கள் கூறும் சமுதாயங்களுக்குச் சாட்சியாகவும் விளங்குகின்றன என்பது அவர்தம் கருத்து. மாறாக நடந்தோரும் உண்டு. 1378ஆம் ஆண்டளவில் ஸாயிமுத் தஹ்ர் என்பவர் அதே சிலையின் முகத்தைச் சிதைத்ததாக மக்ரீஸி குறிப்பிடுகிறார்.

பிறர் வணங்குபவற்றை ஏசலாகாதென அல்அன்ஆம் அத்தியாயத்தின் 108ஆம் வசனம் தடுக்கிறது. அயலாரின் நம்பிக்கையைப் பிழைபட உரைப்பதும் அவர்க்கு இழைக்கும் அநீதியே. கோபுர நிழலில் அண்டை வீட்டாராய் வாழும் நம் பிள்ளைகள் அல்பீரூனியின் வழியில் கற்பார்களாயின், தம் கொள்கையில் உறுதியும் பிறரைப் பற்றிய சொல்லில் நேர்மையும் ஒருங்கே பெறுவர்.