பார்க்க ரூம் ஹீட்டர், கேட்டால் சொக்கவைக்கும்! பழைய எலெக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கருக்கு ரிப்பேர் எப்படி, ஆம்ப் எது?

முதல்முறை பார்ப்பவர்கள் இதை ஸ்பீக்கர் என்றே நம்ப மாட்டார்கள். குட்டிக் கால்களில் நிற்கும், லேசாக வளைந்த உலோக வலை. `குளிர் நாடுகள்ல வீட்டைச் சூடாக்க வைப்பாங்களே, அந்த ஹீட்டரா?' என்றுதான் கேட்பார்கள். 1957-ல் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்த க்வாட் எலெக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கர் இது. 1985 வரை தயாரிப்பில் இருந்தது. பாடகர் மூச்சு இழுப்பதுகூட தனியாகக் கேட்கிற அந்தத் தெளிவுக்காகவே இன்றும் இதைத் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள்.

தாத்தா வீட்டுப் பரணிலோ, செகண்ட் ஹேண்ட் விளம்பரத்திலோ இப்படி ஒரு ஜோடி உங்களுக்குக் கிடைத்தால், ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். வயது இந்த ஸ்பீக்கருக்கு மெதுவான எதிரி. தப்பான ஆம்ப்ளிஃபயர்தான் வேகமான எதிரி. 60 வருடம் தாக்குப்பிடித்த பேனல், ஒரே பாட்டில் பொசுங்கிப் போகலாம். அதனால், கையில் இருக்கும் ஹோம் தியேட்டர் ஆம்பை மாட்டி `பாடுதா பார்ப்போம்' என்று சோதிக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

ஹீட்டருக்குள் என்ன இருக்கு?

வழக்கமான ஸ்பீக்கரில் காந்தம், காயில், காகிதக் கோன் இருக்கும். இதில் மூன்றுமே கிடையாது. ஓட்டைகள் போட்ட இரண்டு தகடுகள், நடுவே இழுத்துக் கட்டிய மெல்லிய பிளாஸ்டிக் படலம். அவ்வளவுதான்! அந்தப் படலம் தலைமுடியைவிட மெலிதானது. அதற்கு எப்போதும் உயர் மின்னழுத்தம் கொடுக்கப்பட்டிருக்கும். ஆம்பிலிருந்து வரும் பாட்டு சிக்னலை உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் பல மடங்கு உயர்த்தி, தகடுகளுக்கு அனுப்பும். ஒரு தகடு படலத்தை இழுக்கும், இன்னொன்று தள்ளும். படலம் அதிரும், காற்று அசையும், பாட்டு வரும்.

இதை உருவாக்கியவர் பீட்டர் வாக்கர். 1936-ல் இவர் தொடங்கிய அக்கௌஸ்டிகல் மேனுஃபேக்சரிங் கம்பெனிதான், பிறகு க்வாட் என்ற பெயரால் புகழ்பெற்றது. ஹண்டிங்டன் என்ற சின்ன ஊரில் இயங்கியது. ஆரம்பத்தில் ஸ்பீக்கரின் பெயரில் `57' கிடையாது. 1981-ல் அடுத்த மாடலான ஈ.எஸ்.எல்-63 வந்த பிறகு, வித்தியாசம் தெரிவதற்காகப் பழையதை எல்லோரும் ஈ.எஸ்.எல்-57 என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

57-ன் உள்ளே மூன்று பேனல்கள். நடுவில் இருப்பது ட்ரெபிள், இரு பக்கமும் பேஸ். ட்ரெபிளுக்குச் சுமார் 1,500 வோல்ட், பேஸுக்குச் சுமார் 6,000 வோல்ட். இந்த எண்களைப் படித்ததுமே புரிந்திருக்கும், ஸ்க்ரூ டிரைவரோடு உடனே உள்ளே இறங்கக் கூடாது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜ் உள்ளேயே தங்கியிருக்கும். உயர் மின்னழுத்தத்தில் பழக்கமில்லாதவர்கள் பின்மூடியைத் திறக்கவே வேண்டாம்.

திறக்காமலே என்னவெல்லாம் செக் பண்ணலாம்?

நிறையவே பண்ணலாம். வாங்கப் போகும் இடத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

1. முதலில் கண்ணால் பாருங்கள். மின்வயர் வெடித்திருக்கிறதா, எர்த் இணைப்பு இருக்கிறதா? முன்னால் இருப்பது உலோக வலை. எர்த் இல்லாமல் இந்த ஸ்பீக்கரை ஓட்டவே கூடாது. வோல்டேஜ் செட்டிங் நம்ம ஊர் 230 வோல்ட்டுக்குப் பொருத்தமாக வைக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் உறுதி செய்யுங்கள். 110 வோல்ட் நாட்டிலிருந்து வந்த ஜோடி என்றால், இதைப் பார்க்காமல் ப்ளக்கைச் சொருகாதீர்கள்.

2. மின்சாரம் மட்டும் கொடுங்கள், பாட்டு வேண்டாம். அமைதியான அறையில் காதைத் தீட்டுங்கள். `டிக்... டிக்...' என்றோ `உஸ்ஸ்' என்றோ தொடர்ந்து சத்தம் வந்தால், உள்ளே எங்கோ மின்கசிவு இருக்கிறது. தூசு காரணமாக இருக்கலாம், ஈரப்பதமாகவும் இருக்கலாம். கடலோர ஊர்களின் ஈரக்காற்று இந்த ஸ்பீக்கருக்கு ஆகவே ஆகாது.

3. சார்ஜ் ஏற நேரம் கொடுங்கள். பல வருடம் சும்மா கிடந்த பேனல், முழு பலத்துக்கு வர மணிக்கணக்கில் ஆகும். ஆன் செய்த ஐந்தாவது நிமிடத்தில் `சத்தம் கம்மி' என்று முடிவுகட்டாதீர்கள்.

4. இடது, வலது ஒப்பிடுங்கள். மொபைலில் மோனோ பாட்டு ஒன்றைக் குறைந்த வால்யூமில் ஓடவிட்டு, இரண்டையும் மாறி மாறிக் கேளுங்கள். ஒன்று மந்தமாக இருந்தால், ஸ்பீக்கர் வயர்களை இடம் மாற்றிப் பாருங்கள். மந்தம் அதே ஸ்பீக்கரிலேயே இருந்தால் பழுது ஸ்பீக்கரில். மந்தமும் இடம் மாறினால் பழுது ஆம்பிலோ வயரிலோ இருக்கும்.

எந்தச் சத்தம், என்ன நோய்?

மொத்தமாகவே சத்தம் குறைந்திருந்தால், முதல் சந்தேகம் உயர் மின்னழுத்தம் கொடுக்கும் யூனிட் மீதுதான். டயோடுகளும் கெப்பாசிட்டர்களும் சேர்ந்த அந்த யூனிட் காலப்போக்கில் பலம் இழக்கும். பேஸ் நன்றாக வந்து, குரல் மட்டும் போர்வைக்குள்ளிருந்து கேட்பதுபோல இருந்தால், ட்ரெபிள் பேனலோ அதற்கான 1,500 வோல்ட் பகுதியோ பழுது. பேஸ் நோட்டுக்கு மட்டும் `டர்ர்' என்று அதிர்ந்தால், ஏதோ ஒரு படலம் தளர்ந்திருக்கிறது.

அந்தத் தளர்ந்த படலம், வெளியே இருக்கும் தூசு மூடியாகவும் இருக்கலாம். பேனலுக்கு முன்னும் பின்னும் மெல்லிய படலம் ஒட்டியிருப்பார்கள். `இது எதுக்கு, கிழிஞ்சா கிழிஞ்சுட்டுப் போகுது' என்று நினைக்க வேண்டாம். ஆயிரக்கணக்கான வோல்ட் ஏறிய படலம், தூசியைக் காந்தம்போல இழுக்கும். தூசு சேர்ந்தால் பொறி பறக்கும், பொறி பறந்தால் ஓட்டை விழும். வாக்குவம் கிளீனரை வைத்து உறிஞ்சி எடுப்பதும் கூடாது. படலமே கிழிந்துவிடும்.

ஈ.எஸ்.எல்-63 மாடலின் நோய் வேறு. அதில் தகட்டைப் பிடித்து வைத்திருக்கும் பசை வயதாகி உதிரும். தகடு கழன்று அதிர ஆரம்பிக்கும். இதற்குப் பேனலைக் கழற்றி மறுபடி கட்டுவதுதான் தீர்வு.

ரிப்பேரில் எதை முதலில் செய்வது?

மின்னழுத்த யூனிட்டை முதலில் சரிசெய்ய வேண்டும், அப்புறம்தான் பேனல். யூனிட் பலவீனமாக இருக்கும்போது பேனலைக் குறை சொன்னால், நல்ல பேனலை வீணாகக் கழற்றுவீர்கள். இங்கே டெக்னீஷியனிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: `எதை வெச்சு அளப்பீங்க?' சாதாரண மல்டிமீட்டர் என்று பதில் வந்தால், ஸ்பீக்கரைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அது இவ்வளவு வோல்ட்டைத் தாங்காது, அதோடு அந்த மின்சாரத்தைத் தானே இழுத்துக்கொண்டு தப்பான அளவு காட்டும். மிக உயர்ந்த ரெசிஸ்டன்ஸ் கொண்ட ஹை வோல்டேஜ் ப்ரோப் கண்டிப்பாக வேண்டும்.

பேனல் கட்டுவது தனிக் கலை. படலத்தைச் சரியான இறுக்கத்தில் இழுத்து, மேலே ஒரு பூச்சு கொடுப்பார்கள். அந்தப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தியும் கடத்தாமலும் இருக்க வேண்டும். நன்றாகக் கடத்தினால், படலத்தில் சார்ஜ் அங்கும் இங்கும் ஓடி ஒலி கெடும், பொறியும் பறக்கும். யூடியூபில் பார்த்துவிட்டு, பென்சில் கிராஃபைட்டைத் தேய்க்கலாமா என்று யோசிப்பவர்கள் இதைக் கவனிக்கவும். பழுதான பக்கத்தை மட்டும் மாற்றாமல், முடிந்தால் இரண்டு ஸ்பீக்கருக்கும் ஜோடியாகச் செய்யுங்கள். புதுசும் பழசும் ஒரே அளவில் பாடாது. 57-க்கு இன்றும் பாகங்களும் பேனல்களும் கிடைப்பது ஆறுதலான விஷயம். இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் இதற்கென்றே தனிப் பட்டறைகள் இருக்கின்றன.

ஆம்ப் வாங்கும் முன் ஒரு குட்டிக் கணக்கு

ஸ்பீக்கர் ரெடி. இனிதான் முக்கியமான கட்டம்.

57 தாங்கும் உச்ச அளவு 33 வோல்ட். இதை மீறினால், தகட்டுக்கும் படலத்துக்கும் நடுவே இருக்கும் காற்று தாங்காமல் பொறி பாயும். அதனால் ஆம்ப் எத்தனை வாட்ஸ் என்பதைவிட, உச்சத்தில் எத்தனை வோல்ட் கொடுக்கும் என்பதுதான் கேள்வி. மொபைல் கால்குலேட்டரைத் திறங்கள். வாட்ஸை ஓம்மால் பெருக்குங்கள், அதை 2-ஆல் பெருக்குங்கள், பிறகு வர்க்கமூலம் எடுங்கள். வருவதுதான் உச்ச வோல்ட்.

க்வாட் II வால்வு ஆம்ப்: 15 வாட்ஸ், 15 ஓம். கணக்குப்படி சுமார் 21 வோல்ட். பத்திரம்.

க்வாட் 303: 45 வாட்ஸ், 8 ஓம். சுமார் 27 வோல்ட். இதுவும் பத்திரம்.

க்வாட் 405: 100 வாட்ஸ், 8 ஓம். 40 வோல்ட். ஆபத்து!

ஒரே கம்பெனியின் ஆம்பாக இருந்தும் 405-ஐ அப்படியே மாட்ட முடியாது. வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் உள்ளே பொருத்தியிருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்த பிறகே 57-க்கு இணைக்க வேண்டும். இந்தக் கணக்கு தோராயம்தான். பல ஆம்ப்கள் பெட்டியில் போட்டதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தரும். அதனால் 8 ஓம்முக்கு 50 வாட்ஸோடு நின்றுகொள்வது புத்திசாலித்தனம்.

வோல்ட் சரியாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. இந்த ஸ்பீக்கர், ஆம்பின் கண்ணுக்கு ஒரு பெரிய கெப்பாசிட்டர் போலத் தெரியும். பேஸ் பகுதியில் 30 ஓம்முக்கு மேலே இருக்கும் இம்பீடன்ஸ், உச்ச ட்ரெபிளில் சுமார் 2 ஓம் வரை இறங்கும். சில டிரான்சிஸ்டர் ஆம்ப்கள் இதைச் சமாளிக்க முடியாமல் தடுமாறும். விலை மலிவான கிளாஸ்-டி போர்டுகளில், ட்ரெபிளின் அளவே மாறிப்போகலாம்.

இன்னொரு விஷயம், டிசி கசிவு. ஆம்பிலிருந்து டிசி வந்தால், ஸ்பீக்கரின் டிரான்ஸ்ஃபார்மர் திணறும். க்வாட் II-வில் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும், 303-ல் அவுட்புட் கெப்பாசிட்டரும் டிசி-யைத் தடுத்துவிடும். இந்த இரண்டும் 57-க்கு இன்றும் முதல் சாய்ஸாக இருக்க இதுவும் ஒரு காரணம்.

ஈ.எஸ்.எல்-63 கூடுதல் வோல்ட் தாங்கும், 100 வாட்ஸ் ஆம்ப் வரை போகலாம். ஆனால், உள்ளே பொறி பறப்பது தெரிந்தால், அதன் பாதுகாப்பு சர்க்யூட் இன்புட்டையே ஷார்ட் செய்துவிடும். ஷார்ட்டைத் தாங்கும் ஆம்ப்தான் அதற்கு வேண்டும்.

ஆம்புக்கும் வயசாகியிருக்குமே!

ஆமாம். க்வாட் II என்றால் 1953-ல் அறிமுகமான ஆம்ப், 303 வந்தது 1967-ல். வாங்கியதும் நேராக ஸ்பீக்கரில் மாட்டாதீர்கள். பழைய கெப்பாசிட்டர்களை மாற்றி, ஒரு சர்வீஸ் முடித்துவிட்டு, முதலில் விலை குறைந்த சாதாரண ஸ்பீக்கரில் சில நாள் ஓடவிடுங்கள். பழைய ஆம்ப்களின் இன்புட் சாக்கெட்டும் வேறு மாதிரி இருக்கும், அடாப்டர் வயர் செய்ய வேண்டும். 303-க்கு அரை வோல்ட் இன்புட் வந்தாலே முழு சத்தம் வந்துவிடும். இன்றைய டேக்குகளோ பொதுவாக 2 வோல்ட் தரும். நடுவே வால்யூம் கன்ட்ரோல் இல்லாமல் நேரடியாக இணைக்காதீர்கள்.

தினமும் பாட்டுக் கேட்கும்போது மூன்று பழக்கங்கள் போதும். ஆம்பைக் கடைசியில் ஆன் செய்து, முதலில் ஆஃப் செய்யுங்கள். மொபைலில் பேஸ் பூஸ்ட், ஈக்வலைசர் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஸ்பீக்கரைச் சுவரோடு ஒட்டாமல் நன்றாகத் தள்ளி வையுங்கள், ஏனென்றால் முன்னால் வரும் அதே அளவு ஒலி பின்னாலும் போகும்.

வீடு அதிரும் சத்தம் வேண்டும் என்றால் இது உங்களுக்கான ஸ்பீக்கர் இல்லை, பார்ட்டிக்கு வேறு பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல், சின்ன அறையில், ஒரு குரலும் ஒரு வீணையும் போதும் என்பவருக்கு, சரியான 15 வாட்ஸ் ஆம்பே தாராளம்.